பனையடிப்பட்டிக்கு வந்த நான்கு குரல்கள்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு இசக்கித்தாய் வந்தபோது, தில்லைநாயகம் யாருக்கோ பட்டா மாறுதல் மனு எழுதிக்கொண்டிருந்தார். சங்கரன்கோவில் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு கணினி. அதுதான் அவருடைய இடம். முப்பத்தொரு வருடமாக அங்கே உட்கார்ந்து மற்றவர்களின் கஷ்டங்களை 'ஐயா' என்று தொடங்கி 'தாழ்மையுடன்' என்று முடித்துக் கொடுக்கிறார்.

அவரிடம் மனு எழுத வருகிறவர்களைத் தவிர இன்னொரு வகை ஆட்களும் வருவார்கள். இந்த வட்டாரத்தில் மொட்டைக் கடிதத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு கல்யாணத்தைக் கலைக்கவும் ஒருவரின் வேலையைக் கெடுக்கவும் பெயர் போடாத ஒரு தாள் போதும். அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம், இரண்டு நாள் கழித்து, எழுதியது யார் என்று அவர் சொல்லிவிடுவார். கையெழுத்தை அவர் அதிகம் பார்ப்பதில்லை. எதை முதலில் சொல்கிறான், எதைச் சொல்லாமல் விடுகிறான் என்று பார்ப்பார்.

கணினியில் தட்டச்சு செய்யும் சாஜிதா பானுவுக்கு அந்த இரண்டாவது வகை ஆட்கள் வந்தால்தான் நாள் விடிந்த மாதிரி இருக்கும். கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். இசக்கித்தாயின் முகத்தைப் பார்த்ததும் விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"ஏம்மா, அந்த மனு?" என்றார் தில்லைநாயகம்.

"செவ்வாக்கிழமை முழுக்க இந்தச் சங்கரன்கோவில்ல கரண்ட் இல்ல அண்ணாச்சி. காலையில ஒம்பது மணிக்குப் போய் சாயந்தரம் அஞ்சுக்குத்தான் வந்துது. அன்னைக்குள்ள வேலையே இன்னும் கிடக்கு. இன்னும் அரை மணி நேரம் கிடந்தா என்ன?" என்று சொல்லி, வந்தவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

இசக்கித்தாய்க்கு ஐம்பது வயது இருக்கும். குருவிகுளத்துக்குக் கிழக்கே பனையடிப்பட்டியில் மானாவாரி விவசாயம், கொஞ்சம் ஆடு. கூட வந்திருந்த இளைஞன் அவள் பையைச் சுமந்து நின்றான். "என் வீட்டுக்காரரோட அக்கா மகன், மாரிராஜ்," என்றாள். "இங்கனதான் ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். இவன்தான் பைக்ல கூட்டியாந்தான்."

"கடுதாசி எங்க?"

"கடுதாசி இல்ல அண்ணாச்சி. போன்ல வந்துது. குரல்."

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், பனையடிப்பட்டி ஊருணிக் கரையில் ஏழு ஆடுகள் வரிசையாக விழுந்து செத்தன. ஐந்து முத்துத்தாய் என்பவளுடையவை. மற்ற இரண்டும் இசக்கித்தாயின் கணவர் வேல்சாமியுடையவை. மறுநாள் ஊரிலுள்ள எல்லாருடைய போனுக்கும் ஒரு குரல் வந்தது. ஊருணித் தண்ணீரில் யாரோ பூச்சிமருந்தைக் கலந்துவிட்டதாக அது அழுதது. அடுத்த குரல், கலந்தவன் வேல்சாமி என்றது.

"இப்பம் கடைக்காரன் சாமான் தர மாட்டேங்கான். பால்காரன் எங்க வீட்டுப் பாலை எடுக்கதில்ல. ஊருணியச் சுத்தி முள்ள வெட்டிப் போட்டாச்சு. சின்னப் புள்ளைய அவுகளப் பாத்து நஞ்சு மாமான்னு கூப்பிடுது. ஞாயித்துக்கிழமை ஊர்க்கூட்டம். ஊரை விட்டுத் தள்ளி வைக்கப் போறாவளாம்."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்லுதாரு?"

"மொதல்ல சண்டைக்குப் போனாவ. அப்புறம் பேச்சக் குறைச்சுட்டாவ. இப்பம் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே உக்காந்திருக்காவ." அவள் சேலை முந்தானையை விரலில் சுற்றினாள். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. அந்தக் கூட்டத்துல ஊர்க்காரன் ஒரே ஒருத்தன் எந்திச்சு, வேல்சாமி செய்யலன்னு சொல்லணும். அவுக காதுல அது விழணும்."

மாரிராஜ் மெதுவாகக் குறுக்கிட்டான். "அத்தைகிட்ட நானும் சொல்லிப் பாத்துட்டேன் அண்ணாச்சி. இனி அங்கன இருந்து என்ன செய்ய? சோலார் கம்பெனிக்காரன் சுத்துப்பட்டு நிலத்தை எல்லாம் வாங்குதான். மாமாவோட எட்டு ஏக்கரையும் குடுத்துட்டு ராஜபாளையம் பக்கம் நிம்மதியாப் போயிரலாம்."

"யார் மேல சந்தேகம்?"

"வேற யாரு, செல்லப்பாதான்," என்றாள் இசக்கித்தாய். "ஊர்த் தலைவர். வண்டிப்பாதை விஷயத்துல எங்களுக்கும் அவருக்கும் பத்து வருஷமா ஆகாது."

மாரிராஜ் தன் போனிலிருந்து நான்கு குரல்பதிவுகளையும் சாஜிதாவின் போனுக்கு அனுப்பினான். முத்துத்தாயின் போனிலிருந்து தான் வாங்கி வைத்ததாகச் சொன்னான். வந்த நாளும் நேரமும் ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொண்டுவந்திருந்தான். நல்ல பிள்ளை என்று சாஜிதா நினைத்தாள்.

அவர்கள் போன பிறகு, தில்லைநாயகம் கண்ணை மூடிக்கொண்டு நான்கையும் கேட்டார்.

முதல் குரல் ஒரு பெண். வார்த்தைக்கு வார்த்தை விம்மல். பெற்ற பிள்ளை போல வளர்த்த ஆடு, வாயில் நுரை, ஊருணித் தண்ணீர், யாரோ ஒரு பாவி. இரண்டாவது ஓர் ஆண்: 'சிவப்பு மூடி போட்ட மருந்தடிக்குத டப்பாவை ஊருணிப் படியில வச்சுக் கழுவினான் நஞ்சு வேல்சாமி. நான் கண்ணால பாத்தேன்.' மூன்றாவது, படித்த தோரணையில் இன்னோர் ஆண்: 'பெரிய டாக்டர் ஒருத்தரே சொல்லிட்டாரு, இது விஷந்தான். இன்னைக்குக் காலையில முத்துத்தாய் ஆடு இன்னும் ரெண்டு சுருண்டு விழுந்துருச்சு.' நான்காவது நிதானமாகப் பேசியது: 'பத்து ஊரும் ஒண்ணா நிக்கு. இன்னைக்கு ஆடு, நாளைக்கு உன் புள்ள. ஞாயித்துக்கிழமை நீ எந்தப் பக்கம்?'

"நாலு பேரு அண்ணாச்சி," என்றாள் சாஜிதா. "நாலு பேரையும் கண்டுபிடிக்கணும்."

"குரல்தான் நாலு. பேச்சு ஒண்ணு." அவர் கண்ணைத் திறந்தார். "மொத குரல்ல பேரே இல்ல, கவனிச்சியா? அழுகை மட்டுந்தான். அழுகுறவகிட்டப் போய் ஆதாரம் எங்கன்னு கேக்க யாருக்கும் மனசு வராது. அப்படியே நம்ப வச்சாச்சு. ரெண்டு நாள் கழிச்சு, கோவத்துக்கு ஒரு ஆளு வேணும்லா, அப்பம் பேரு வருது. வெறும் பேரு இல்ல, நஞ்சு வேல்சாமி. ஒரு நிமிஷத்துல ஏழு தடவை. அதுக்கப்புறம் அவரை அப்படிக் கூப்பிடாம இருக்க முடியாது."

"மூணாவது டாக்டரு."

"எந்த டாக்டர்? பேரு கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. ஆனா சட்டை போட்ட குரல். நாலாவதுல கேள்வி கேக்கான், நீ எந்தப் பக்கம்னு. பத்து ஊரு ஒரு பக்கம் நிக்கும்போது இந்தப் பக்கம் வந்து தனியா நிக்க எவனுக்குத் தைரியம் வரும்? நெசமாவே கோவப்பட்ட ஊரு எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டித் தீத்துரும். இது பந்தியில பரிமாறுத மாதிரி வருது. உப்பு, கூட்டு, அப்புறம் சோறு. பரிமாறிப் பழகின கை."

"வேற?"

"செத்த ஏழு ஆட்டுல ரெண்டு வேல்சாமியோட ஆடு. நாலு குரல்ல ஒண்ணு கூட அதைச் சொல்லல."

சாஜிதா மூன்றாவது குரலை மறுபடி ஓட்டினாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு மற்ற மூன்றையும். அவள் முகம் மாறியது.

"பின்னால தறி ஓடுது அண்ணாச்சி."

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

"உங்களுக்கு எப்படிக் கேக்கும், நீங்க இந்தத் தறி ஊர்லயே பொறந்து வளந்தவுக. எங்க வாப்பா விசைத்தறியில இருந்தாவ. நான் கல்யாணம் முடிச்சுத் தறி இல்லாத தெருவுக்கு வந்த பொறவு மூணு நாள் தூக்கமே வரல. அப்பந்தான் அது ஒரு சத்தம்னே எனக்குத் தெரிஞ்சுது." அவள் மேசையில் விரலால் தட்டினாள். டக், டக், டக், சற்றுத் தயங்கி டக். "நாலாவது அடி நொண்டுது. கட்டை தேஞ்சுபோன தறி. நாலு குரலுக்குப் பின்னாலயும் இதே தறிதான்."

பனையடிப்பட்டியில் தறி கிடையாது. அதைச் சுற்றிப் பதினைந்து கிலோமீட்டருக்குக் கிடையாது. தில்லைநாயகம் மாரிராஜ் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து நெடுநேரம் பார்த்தார். மூன்றாவது குரலுக்கு நேராக, 'செவ்வாய், காலை 11.10' என்று இருந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை இருவரும் பனையடிப்பட்டிக்குப் போனார்கள். பங்குனி வெயில் கரிசலைப் பாளம் பாளமாகப் பிளந்து வைத்திருந்தது. ஊருக்குள் நுழையும் முன், அறுவடை முடிந்த ஒரு சோளக்காடு. அறுத்த கட்டைகளிலிருந்து மறுபடியும் குருத்து விட்டு, தண்ணீர் இல்லாமல் முழங்கால் உயரத்திலேயே வாடி நின்றது. ஓர் ஓரத்தில் குருத்துகளின் நுனி கடிபட்டிருந்தது. தரையில் காய்ந்த ஆட்டுப் புழுக்கை. தில்லைநாயகம் குனிந்து ஒரு குருத்தைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டார்.

முத்துத்தாய் அவர்களை வாசலிலேயே நிறுத்திப் பேசினாள்.

"அன்னைக்கு ஆடு எங்க மேஞ்சுது தாயி?"

"வழக்கமா மேயுத இடத்துலதான்." அவள் பார்வை பக்கத்துச் சுவருக்குப் போயிற்று. "அடுத்தவுக ஆட்டையும் கூலிக்கு மேய்ப்பேன், வேல்சாமி ஆடும் அன்னைக்கு எங்கூடத்தான் மேய வந்துது. ஊருணிக்கு வந்துதா, தண்ணி குடிச்சுதா, விழுந்துதா. அவ்வளவுதான்."

"இந்தச் செவ்வாக்கிழமை ரெண்டு?"

"அது பட்டியில. கால் ஒடிஞ்சு மேயப் போகாதது ரெண்டு கிடந்துச்சு. காலையில பத்து மணி இருக்கும். ஒம்பதரைக்குத்தான் தழை போட்டேன்."

"தழை நீங்க அறுத்ததா?"

"மாரிராஜ் விடியக்காலம் பைக்ல கொண்டாந்து ஒரு கட்டு போட்டுட்டுப் போனான். மாமன் செஞ்ச பாவத்துக்கு அவன் என்ன செய்வான், நல்ல பய." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்த மொதக் குரல் பேசினது யாருன்னு தெரியுமா? ராயகிரியில ஒரு பொம்பளையாம். அவ ஆடும் செத்துப்போச்சாம்."

செல்லப்பா வேறு மாதிரி சொன்னார். அந்தப் பெண் சிவகிரிக்காரி என்றார். "எனக்கு வேல்சாமியக் கண்டா ஆகாது, மறைக்கல. ஆனா இந்தப் போன்ல வாட்சப்பும் கிடையாது, மண்ணும் கிடையாது," என்று பொத்தான் வைத்த பழைய போனைக் காட்டினார். "பேரப்பய கேக்க வச்சான். ஊரு பயந்து கிடக்கு. தலைவர்னு நான் என்ன செய்ய?"

வேல்சாமி வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தில்லைநாயகம் எதிரே தரையில் உட்கார்ந்ததும் நிமிர்ந்து பார்த்தார். மெலிந்த, நேர்த்தியான முகம்.

"நான் அப்படிச் செய்வனா அய்யா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் சாஜிதாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பதில் தெரியாத ஒருவர் கேட்பது போலக் கேட்டார்.

அன்று மாலை, மாரிராஜிடம் தாளில் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்று சொல்லி அவனுடைய அறைக்குப் போனார்கள். சங்கரன்கோவிலில் ஒரு தெருவின் நடுவே, விசைத்தறிக் கூடத்தின் மாடியில் இருந்தது அது. கீழே ஆறு தறிகள். படி அதிர்ந்தது. மூன்றாவது படியிலேயே சாஜிதா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அறையில் ஒரு கணினி, இரண்டு போன், மூலையில் போன தேர்தலின் கொடிகள். மாரிராஜ் டீ வாங்கிக் கொடுத்தான். தில்லைநாயகம் ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்.

"இந்தச் சத்தத்துல எப்படி வே தூங்குதீரு?"

மாரிராஜ் நிமிர்ந்து பார்த்தான். "எந்தச் சத்தம்?"

கீழே நாலாவது அடி நொண்டியது.

இறங்கும்போது தறிக்காரரிடம் தில்லைநாயகம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா? "அதுக்கெல்லாம் எங்க போவ அண்ணாச்சி? கரண்ட் இல்லாட்டி நாங்களும் இல்ல," என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பனையடிப்பட்டி அம்மன் கோவில் முன்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஊர் கூடியது. நடுவில் செல்லப்பா. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். இரண்டுக்கும் நடுவே, யாரும் உட்காராத ஓர் இடத்தில் வேல்சாமியும் இசக்கித்தாயும். மாரிராஜ் மாமாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

தில்லைநாயகம் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. கேட்க வேண்டியவர்கள் முன்னால் சாய வேண்டியிருந்தது.

"மொதல்ல ஒரு கேள்வி. இந்த நாலு குரல்ல ஒண்ணையாவது யாருடையதுன்னு தெரிஞ்சவங்க இருக்கீயளா? ராயகிரிங்கா ஒருத்தி. சிவகிரிங்காரு ஒருத்தர். அழுதவ பக்கத்து ஊர்க்காரின்னு ஆளாளுக்கு ஒரு ஊரை நினைச்சுக்கிட்டீய. பேசினது நாலு பேரா இருக்கலாம், நாலும் ஒரே ரூம்ல எடுத்தது. சாஜிதா, அதைக் கேக்க வை."

அவள் ஒலிபெருக்கிப் பெட்டியில் நான்கையும் ஓட்டி, ஒவ்வொன்றிலும் தறி ஓடும் இடத்தில் நிறுத்தினாள். கையால் தாளம் தட்டினாள். ஒருமுறை கேட்டுக்கொண்ட பிறகு எல்லாருக்கும் கேட்டது.

"இந்த ஊர்ல தறி இல்ல. இது சங்கரன்கோவில்ல ஒரு தறிக்கூடத்து மாடி. மூணாவது குரல் செவ்வாக்கிழமை பதினொண்ணு பத்துக்கு வந்துது. அன்னைக்குக் காலையில ஒம்பதுல இருந்து அங்க கரண்ட் கிடையாது, தறி ஓடல. அப்பம் அந்தக் குரலை ஒம்பதுக்கு முன்னாலயே எடுத்தாச்சு. முத்துத்தாயோட ஆடு ரெண்டும் விழுந்தது பத்து மணிக்கு. ஆடு சாகுதுக்கு முன்னாலயே, செத்துப்போச்சுன்னு ஒருத்தன் பேச வச்சிருக்கான். விடியக்காலம் ஒரு கட்டுத் தழையப் பட்டியில போட்டுட்டுப் போனவனுக்குத்தான் அது தெரியும்."

கூட்டத்தின் தலைகள் மெதுவாக மாரிராஜ் பக்கம் திரும்பின.

"இவருக்குத் தறிச் சத்தம் கேக்கதில்ல. அதுக்கு மேலேயே குடியிருக்காரு. கேட்டிருந்தா வேற இடத்துல போய் எடுத்திருப்பாரு. போன தேர்தல்ல கட்சிக்காரங்களுக்கு இதே வேலைதான் செஞ்சாரு, எந்தப் பேச்சை எப்பம் விடணும்னு கத்துக்கிட்டாரு. சோலாருக்குப் போன நிலப் பத்திரங்களை வெள்ளிக்கிழமை சாயங்காலமே பத்திர ஆபீசுல நான் பாத்தேன். பத்துப் பத்திரம், பத்துக்கும் சாட்சிக் கையெழுத்து இவருது. நடுவுல நிக்கது வேல்சாமியோட எட்டு ஏக்கர்."

"மொத ஏழு ஆடு?" என்று செல்லப்பா கேட்டார். "அதையும் இவனா கொன்னான்?"

"இல்ல. அதை யாரும் கொல்லல." தில்லைநாயகம் பையிலிருந்து வாடிய சோளக் குருத்தை எடுத்துக் காட்டினார். "இது என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். தண்ணியில்லாம வாடின மறுதாம்புச் சோளம். வாடின குருத்துல விஷம் ஏறிக் கிடக்கும், இதுல ஆடு வாய் வச்சா என்ன ஆகும்னு இங்க நடக்கப் படிக்குத புள்ளைக்குத் தெரியும். அன்னைக்கு ஆடு இந்தக் காட்டுல இறங்கியிருக்கு. தின்னுட்டுத்தான் ஊருணிக்கு வந்துது. செவ்வாக்கிழமைக் கட்டுலயும் இதுதான் கலந்து வந்திருக்கணும். முத்துத்தாய், ஆடு எங்க மேஞ்சுதுன்னு நீங்க சொன்னாப் போதும்."

அவர் கேட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று சாஜிதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. மறுதாம்புச் சோளத்தில் ஆட்டை விட்டவள் என்று பெயர் எடுத்தால், முத்துத்தாயை நம்பி இனி ஒருவர்கூட ஓர் ஆட்டை மேய்ச்சலுக்கு அனுப்பமாட்டார். அவளுக்கு மட்டுமல்ல. அந்த வருடம் அந்தக் காட்டில் கண் அசந்தவர்கள் இன்னும் பலர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். செத்த ஆட்டைச் சத்தமில்லாமல் புதைத்தவர்கள். தண்ணீரில் விஷம் என்று ஒரு குரல் அழுதபோது, அவர்கள் எல்லாருடைய தலையிலிருந்தும் ஒரு பாரம் இறங்கியிருந்தது.

முத்துத்தாய் தரையைப் பார்த்தாள். "ஊருணித் தண்ணியத்தான் குடிச்சுது," என்றாள்.

"வேற யாராவது?"

ஒருவரும் எழவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏ பெரியவரே, பேச எவ்வளவு வாங்கினீரு?" நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எல்லாருடைய தோளும் தளர்ந்தது.

மாரிராஜ் வருத்தமாகச் சொன்னான். "மாமாவுக்காக இவரைத் தேடிப் போனதே நான்தான். இப்பம் என்னையவே சொல்லுதாரு. பரவாயில்ல. தறி சங்கரன்கோவில்ல ஆயிரம் ஓடுது. தழை யார்னாலும் அறுப்பான்."

"அது சரிதானல," என்றது இன்னொரு குரல். பலர் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அவன் சொன்னதில் நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம். பக்கத்தில் இருப்பவனின் முகத்தைப் பார்த்தபடியே போகலாம்.

அப்போது வேல்சாமி எழுந்தார்.

"விடுங்க அய்யா," என்றார் தில்லைநாயகத்திடம். "நான்தான்."

இசக்கித்தாய் அவர் கையைப் பிடித்தாள். "என்னங்க பேசுதீய?"

"மருந்து டப்பாவைப் படியில வச்சுக் கழுவினேன். தெரியாமத்தான் செஞ்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"நம்மகிட்ட மருந்து டப்பா எங்க இருக்கு? அது ஓட்டை விழுந்து மூணு வருஷத்துக்கு முந்தியே பழைய இரும்புக்குப் போட்டாச்சே."

வேல்சாமி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நெற்றி சுருங்கியது. "போட்டாச்சா?" என்றார். "ஆனா கண்ணுக்குத் தெரியுதே இசக்கி. சிவப்பு மூடி. படியில வச்சேன். தண்ணி ஒரு மாதிரி வெளுப்பா ஓடுச்சு."

"நம்ம டப்பாவுக்கு நீல மூடி," என்றாள் அவள்.

அதை யாரும் கேட்கவில்லை. கூட்டம் எழுந்துவிட்டிருந்தது. செல்லப்பா தள்ளி வைப்பது பற்றிய தீர்மானத்தைப் படித்ததுகூடப் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. அவரும் வேல்சாமியின் முகத்தைப் பார்க்காமல்தான் படித்தார். குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு அதில் பேச என்ன இருக்கிறது? முத்துத்தாய் மட்டும் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வாய் அசைந்தது. பிறகு அவளும் போய்விட்டாள்.

மாரிராஜ் வந்து வேல்சாமியின் தோளில் கை வைத்தான். "வாங்க மாமா, வீட்டுக்குப் போவோம். எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன்." வேல்சாமி அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. நன்றியோடு அதன் மேல் சாய்ந்தார்.

"போலீசுக்கு எழுதலாம் அண்ணாச்சி," என்றாள் சாஜிதா. "குரல் இருக்கு, நேரம் இருக்கு, பத்திரம் இருக்கு. எல்லாத்தையும் நான் இன்னைக்கே அடிச்சுத் தாரேன்."

"எழுதுவோம்," என்றார் அவர். "அவன் மாட்டிக்கிடுவான்னுகூட வச்சுக்கோ." வேல்சாமி நடந்துபோவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்குள்ள கிடக்கதை எந்த ஸ்டேஷன்ல போய் எடுக்கது?"

இசக்கித்தாய் அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் அழவில்லை. மருந்துச் சீட்டோடு வந்து எந்த மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று கேட்கிறவளைப் போலக் கேட்டாள்.

"'நீங்க செய்யல'ன்னு அவுககிட்ட நான் தினமும் சொல்லுதேன் அண்ணாச்சி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லணும்?"

தில்லைநாயகம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். நான்கு குரல்கள், இருநூறு வீடு, மூன்று வாரம். ஒவ்வொரு போனிலும் எத்தனை முறை, ஒவ்வொரு சந்திலும் எத்தனை குழந்தைகள். அதற்கு எதிரே இந்த ஒரே ஒரு பெண்.

அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.